டிரைவ் ஷாஃப்ட் பூட் மாற்றிப் புது கிரீஸ் வைப்பது: தோட்டத்துப் பாதையில் ஓடும் பழைய காடிக்கு முழு வழிகாட்டி

பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பெரிய சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினால் தார் முடிந்து செம்மண் தொடங்கிவிடும். மழையில் அது குழம்பு, வெயிலில் மாவு. பழைய புரோட்டோன் சாகா, ஈஸ்வரா, வீரா, பெரோடுவா கன்சில் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகின்றன. நான்குமே முன் சக்கரம் இழுக்கும் காடிகள். இஞ்சின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் இரண்டு முனைகளிலும் உள்ள சிவி ஜாயிண்டுகளை (வளைந்தபடியே சுழலும் மூட்டுகள்) காப்பது ஒரு மடிப்பு ரப்பர் உறை மட்டுமே. பட்டறையில் அதைப் பூட் என்பார்கள். ஸ்பேர்பார்ட் கடையில் ‘கெத்தா டிரைவ் ஷாஃப்ட்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஜாயிண்டையே கேட்பதானால் ‘கெபாலா டிரைவ் ஷாஃப்ட்’.

ஜாயிண்ட் தானாகத் தேய்ந்து சாவது குறைவு. முதலில் பூட் கிழியும், கிரீஸ் வெளியே தெறிக்கும், அந்த இடத்தில் மண்ணும் தண்ணீரும் ஏறும். அதன் பிறகு ஜாயிண்ட் தாங்குவது சில வாரங்கள்தான். ஆகவே கிழிசலைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் பாதி.

எங்கே பார்ப்பது

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிவிட்டு, டயருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். நேராக நிற்கும்போது பூட்டின் மடிப்புகள் மூடிக்கொண்டிருப்பதால் வெடிப்பு தெரியாது. திருப்பினால் வெளிப்பக்க மடிப்பு விரியும். வெடிப்பு பெரும்பாலும் மடிப்பின் மேட்டில் இருக்காது, பள்ளத்தில் நூல் கட்டியதுபோல் வட்டமாக ஓடும். மறுபக்கமும் திருப்பிப் பாருங்கள். ரிம்மின் உள்பக்கத்தில் கறுப்பாகக் கோடு கோடாகக் கிரீஸ் தெறித்திருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

வெளி பூட்தான் முதலில் போகும், ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் வளைவது அதுதான். கியர்பாக்ஸ் பக்கத்து உள் பூட் அவ்வளவு வளையாது. ஆனால் தோட்டத்துக் காடிகளில் அதற்கும் ஓர் எதிரி உண்டு. பாதையில் கிடக்கும் செம்பனை மட்டையின் மேல் ஏற்றும்போது, மட்டையடி முள் கீழிருந்து குத்தும். குண்டூசித் துளை போதும். சுழற்சியில் கிரீஸ் அதன் வழியே மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும்.

சத்தத்தை வைத்தும் ஓரளவு சொல்லலாம். முழு வளைவில் எக்ஸிலேட்டர் கொடுக்கும்போது ‘டக் டக் டக்’ என்றால் வெளி ஜாயிண்ட். நேராகப் போகும்போது, மேட்டில் இழுக்கையில் ஸ்டியரிங்கும் தரையும் சேர்ந்து அதிர்ந்தால் உள் ஜாயிண்ட் மீது சந்தேகப்படலாம். ஆனால் டயர் பேலன்ஸ், இஞ்சின் மௌண்டிங் இரண்டையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

சத்தம் வந்துவிட்ட ஜாயிண்டுக்குப் புது கிரீஸ் மருந்தல்ல. குண்டு ஓடும் பள்ளம் தேய்ந்து குழியானதால்தான் அந்தச் சத்தம். கிரீஸ் அதை இரண்டு நாள் அமுக்கி வைக்கும், அவ்வளவே. சத்தம் இல்லை, பூட் மட்டும் கிழிந்திருக்கிறது, அதுவும் அண்மையில்தான் என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கானது.

உள்ளே என்ன இருக்கிறது

வெளி ஜாயிண்டில் ஆறு எஃகுக் குண்டுகள், அவற்றைப் பிடித்திருக்கும் ஒரு கூண்டு, உள்ளும் வெளியும் பள்ளம் வெட்டிய இரண்டு வளையங்கள். எந்தக் கோணத்தில் வளைந்தாலும் வேகம் மாறாமல் சுற்ற வைப்பது இந்த அமைப்பு. உள் ஜாயிண்ட் பெரும்பாலும் மூன்று கால் கொண்ட டிரைபாட். ஒவ்வொரு காலிலும் ஓர் உருளை, அதற்குள் ஊசி பேரிங். சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட்டின் நீளம் கூடிக் குறைய வேண்டுமல்லவா, அதற்காக இந்த உருளைகள் கிண்ணத்துக்குள் முன்னும் பின்னும் வழுக்கும். சில மாடல்களில் டிரைபாடுக்குப் பதிலாக வழுக்கும் குண்டு ஜாயிண்ட் இருக்கும். அதில் கிண்ணத்தின் வாயில் ஒரு கம்பி வளையம் இருக்கும், அதை நெம்பி எடுத்தால்தான் ஷாஃப்ட் வரும்.

கிரீஸ் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். இங்கே குண்டு உருள்வதோடு வழுக்கவும் செய்கிறது, அதுவும் மிகச் சிறிய இடத்தில் மிக அதிக அழுத்தத்தில். அதனால்தான் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்பு சிவி கிரீஸ் வைக்கிறார்கள். படலம் அறுந்தாலும் அந்தத் தூள் இரும்பின் மேல் ஒட்டிக் காக்கும். வீட்டில் கிடக்கும் சேசிஸ் கிரீஸோ வீல் பேரிங் கிரீஸோ இதற்கு ஆகாது. பழைய கிரீஸின் மேல் புதியதை அப்புவதும் ஆகாது. இரண்டின் அடிப்படை வேறாக இருந்தால் கலந்து தண்ணீர்போல் இளகிவிடலாம்.

இன்னொன்று. 1877இல் பக்கத்துக் கோலாகங்சாரில் நட்ட கன்றுகளில் தொடங்கி, இந்த வட்டாரமே பால்மரத்தால் வாழ்ந்தது. ஆனால் அந்தப் பால்மர ரப்பரைக் கொண்டு இந்த பூட்டைச் செய்ய முடியாது. இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிக் குழைந்துவிடும். பூட் செய்வது நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரில், அல்லது சற்று விறைப்பான பிளாஸ்டிக் வகையில். பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி ஓட்டைக்கு ஒட்டுப் போடும் கைவைத்தியம் ஏன் ஒரு மாதம்கூட நிற்பதில்லை என்பதற்கும் இதுதான் காரணம்.

வாங்க வேண்டியவை

பூட் கிட்டில் பூட், பெரியதும் சிறியதுமாக இரண்டு கிளாம்ப், ஒரு பை கிரீஸ், சர்க்ளிப் (பள்ளத்தில் மாட்டும் கம்பி வளையம்), ஸ்ப்ளிட் பின் (நட்டு கழலாமல் பிடிக்கும் பிளந்த கம்பி) இருக்க வேண்டும். கிளாம்புக்குப் பதில் பிளாஸ்டிக் கேபிள் டை வைத்திருக்கும் மலிவுக் கிட்டை வாங்காதீர்கள். காடியின் பெயர் மட்டும் சொல்லி வாங்குவதும் போதாது. ஒரே வீராவில் இஞ்சினைப் பொறுத்தும் கியரைப் பொறுத்தும் ஷாஃப்ட் மாறும். பூட்டின் இரண்டு வாய் விட்டத்தையும் அளந்துகொண்டு போங்கள். இடைவெட்டு வைத்து ஒட்டும் பூட்டும் கடையில் கிடைக்கும், ஷாஃப்ட்டைக் கழற்றாமலே மாட்டலாம் என்பார்கள். மண் புகுந்த ஜாயிண்டைக் கழுவாமல் மேலே உறை போட்டு மூடுவது, சீழ் வைத்த புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதற்குச் சமம்.

கிரீஸ் அளவு: இந்த அளவுக் காடிகளில் வெளி ஜாயிண்டுக்கு 80 முதல் 100 கிராம், உள் ஜாயிண்டுக்கு 100 முதல் 130 கிராம். கிட்டோடு வரும் பையின் அளவு வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அதிகம் வைத்தால் நல்லது என்று நினைத்துப் பூட் பிதுங்கும்வரை திணித்தால், ஓட்டத்தில் சூடேறி கிளாம்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

கருவிகளில் முக்கியமானவை: ஹப் நட்டுக்கு, அதாவது சக்கர நடுவில் ஷாஃப்ட் முனையை இறுக்கும் பெரிய நட்டுக்கு, நீளமான கைப்பிடியோடு சாக்கெட் (பழைய புரோட்டோன்களில் பெரும்பாலும் 32 எம்எம், கன்சிலுக்கு அளந்து வாங்குங்கள்), டார்க் ரெஞ்ச், சர்க்ளிப் பிளையர், காது கிளாம்பை நெருக்கும் பின்சர், பித்தளை அல்லது ரப்பர் சுத்தியல், நெம்புகோல், இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு. அத்துடன் மண்ணெண்ணெய், பிரேக் கிளீனர், பழைய துணி, கியர் எண்ணெய், கியர்பாக்ஸ் வாய்க்கு ஒரு புது எண்ணெய் சீல்.

ஷாஃப்ட்டைக் கழற்றுதல்

காடி தரையில் நிற்கும்போதே ஹப் நட்டைத் தளர்த்துங்கள். ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, நீளக் கைப்பிடியால் இறுக்கத்தை உடைக்க வேண்டும். தூக்கிய பிறகு இதைச் செய்தால் காடி ஸ்டாண்டிலிருந்து சரியக்கூடும். நட்டு அசையாது என்று தோன்றினால் முந்திய இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள்.

அடுத்து பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கம் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். லயத்து வாசல் மண் கெட்டியாகத் தெரிந்தாலும் பாரம் ஏறியதும் ஸ்டாண்டின் கால் இறங்கும். அடியில் தடித்த பலகை அவசியம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையவே கூடாது.

கியர் எண்ணெயை வடியுங்கள். ஷாஃப்ட்டை இழுத்ததும் அந்த ஓட்டையிலிருந்து எப்படியும் கொட்டும், முன்கூட்டியே வடிப்பது சுத்தம். வடிக்கும் முன் நிரப்பும் போல்ட்டு கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வடித்தபின் அது சுழலவில்லை என்றால் காடி வீட்டிலேயே நிற்கும். கழிவு எண்ணெயை டின்னில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள், ஓடையில் விடாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றி, ஸ்டியரிங்கிலிருந்து வரும் டை ராட் முனையையும் கீழ் பால் ஜாயிண்டையும் விடுவித்தால், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் வெளியே ஆடும். பால் ஜாயிண்ட் துருப்பிடித்து வர மறுத்தால், நக்கிளை ஸ்ட்ரட்டோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றும் வழியும் உண்டு. ஆனால் கழற்றும் முன் அவற்றின் இடத்தைப் பெயிண்டால் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சக்கரக் கோணம் மாறி டயர் ஓரம் தேயும். பிரேக் ஹோஸில் பாரம் விழக்கூடாது.

ஹப் நட்டைத் திருப்பி, ஷாஃப்ட் முனையோடு சமமாக நிற்கும்வரை மாட்டிவைத்து, பித்தளைச் சுத்தியலால் தட்டுங்கள். நட்டு இல்லாமல் இரும்புச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும், பிறகு புது ஷாஃப்ட்தான். தட்டி வரவில்லை என்றால் புல்லர் போடுங்கள்.

கியர்பாக்ஸ் பக்கம் நெம்புகோலை உள் ஜாயிண்டின் கிண்ணத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வைத்து ஒரே வெடுக்கில் நெம்புங்கள். உள்ளே பிடித்திருக்கும் சர்க்ளிப் விடுபட்டு வெளியே வரும். ஷாஃப்ட்டின் நடுவைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள். கிண்ணம் உள்ளேயே நிற்க, டிரைபாட் கழன்று உருளைகள் பூட்டுக்குள் சிதறும். கியர்பாக்ஸ் வாயில் துணி அடைத்துவிடுங்கள். ஷாஃப்ட் வெளியே இருக்கும்போது சக்கரத்தைத் தரையில் வைத்துக் காடியை உருட்டக்கூடாது, நெருக்கும் நட்டு இல்லாமல் வீல் பேரிங் பாரத்தைத் தாங்காது.

மேசையில்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய பகுதி இது. வெட்டும் முன் பழைய உள் பூட்டின் இரண்டு கிளாம்புக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து எழுதிவையுங்கள். பூட் எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது என்பதையும் குறியுங்கள்.

ஜப்பானியப் பரம்பரையில் வந்த இந்தக் காடிகளில், வெளி ஜாயிண்டை ஷாஃப்ட்டிலிருந்து பிரிக்காமல், உள் ஜாயிண்டைக் கழற்றி, அந்த வழியாகவே இரண்டு பூட்டையும் ஏற்றுவதுதான் மரபு. வெளி ஜாயிண்டை அடித்துக் கழற்றும் ஆட்கள் உண்டு, ஷாஃப்ட்டில் ஒரு கம்பி வளையம்தான் அதைப் பிடித்திருக்கிறது. ஆனால் ஜாயிண்டை மாற்றப் போவதில்லை என்றால் அந்த அடி தேவையில்லை.

உள் பூட்டின் கிளாம்பை வெட்டி, பூட்டைப் பின்னால் தள்ளுங்கள். கிண்ணம், டிரைபாட், ஷாஃப்ட் மூன்றுக்கும் ஒரே கோட்டில் பெயிண்ட் குறி போடுங்கள். உளியால் குத்த வேண்டாம். கிண்ணத்தை உருவியதும் மூன்று உருளைகளையும் டேப்பால் சுற்றிவிடுங்கள், கழன்று விழுந்தால் ஊசிகள் மேசைக்கடியில் ஓடும். சர்க்ளிப்பை எடுத்துவிட்டு, டிரைபாடின் மையத்தைப் பித்தளைத் துண்டு வைத்து மூன்று பக்கமும் சமமாகத் தட்டி இறக்குங்கள். உருளையின் மேல் அடி படக்கூடாது. பிறகு இரண்டு பூட்டையும் உருவலாம்.

இப்போது பழைய கிரீஸில் கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பாருங்கள். நல்ல கிரீஸ் கறுப்பாக, வழவழப்பாக விரல் ரேகைக்குள் பரவும். நறநறவென்று உரசினால் மண். பழுப்பாக, தேநீரில் பால் திரிந்ததுபோல் இருந்தால் தண்ணீர். துணியில் வழித்து வெயிலில் காட்டும்போது மினுக் மினுக்கென்றால் அது இரும்புப் பொடி, ஜாயிண்ட் தன்னையே தின்னத் தொடங்கிவிட்டது.

மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். வெளி ஜாயிண்டைக் கிண்ணம் நிறைய மண்ணெண்ணெயில் வைத்து எல்லாத் திசையிலும் வளைத்து வளைத்து அசைத்தால் கூண்டுக்குள் இருப்பது வெளியே வரும். தண்ணீர்போல் தெளிவாக ஓடும்வரை இரண்டு மூன்று முறை. பிறகு பிரேக் கிளீனர் அடித்து முற்றாக உலர விடுங்கள். மிச்ச மண்ணெண்ணெய் புது கிரீஸை இளக்கிவிடும். இந்தத் திரவங்கள் புது பூட்டின் மேல் படக்கூடாது.

உலர்ந்ததும் ஒவ்வொரு பள்ளமாக வெளிச்சத்தில் பாருங்கள். குண்டு ஓடிய தடம் பளபளவென்று இருப்பது இயல்பு. நகத்தை ஓட்டும்போது தட்டினால், குழி இருந்தால், தோல் உரிந்ததுபோல் இரும்புச் செதில் பெயர்ந்திருந்தால், நீலம் பாய்ந்திருந்தால் அந்த ஜாயிண்ட் முடிந்தது. கூண்டின் ஜன்னலில் குண்டு தளர்ந்து ஆடினாலும் அப்படியே. ஹாஃப்கட் கடையில் (வெட்டிய பழைய காடிகளின் உதிரி விற்கும் கடை) பழைய ஷாஃப்ட் வாங்குவதானால் இதே சோதனையை அங்கேயே செய்யுங்கள். பூட் பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே எப்படி என்று யாருக்குத் தெரியும்.

புது பூட், புது கிரீஸ்

ஷாஃப்ட் முனையின் ஸ்ப்ளைன் பற்களின் மேல் டேப் சுற்றுங்கள். சுற்றாவிட்டால் பல் நுனி புது பூட்டின் கழுத்தை உள்ளிருந்து கீறும், அது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். முதலில் வெளி பூட், அதன் சிறிய கிளாம்ப், பிறகு உள் பூட்டின் சிறிய கிளாம்ப், உள் பூட். இந்த வரிசையை மறந்து டிரைபாடை அடித்து ஏற்றிவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள் ஏராளம்.

வெளி ஜாயிண்டில் கிரீஸின் பாதியைக் குண்டுகளுக்கு இடையே விரலால் அழுத்தி, மறுபக்கம் வரும்வரை திணியுங்கள். மீதியைப் பூட்டுக்குள் வையுங்கள். பூட்டின் வாய் உட்காரும் பள்ளம் மட்டும் துளி கிரீஸ் இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். அங்கே வழுக்கினால் எந்தக் கிளாம்பும் நிற்காது.

டிரைபாடை ஏற்றும்போது, அதன் பற்களில் சாய்வாகச் சீவப்பட்ட பக்கம் ஷாஃப்ட்டை நோக்கி முதலில் போக வேண்டும். பெயிண்ட் குறியைச் சேர்த்து ஏற்றி, புது சர்க்ளிப் போட்டு, அது பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று திருப்புளி நுனியால் சுற்றித் தடவிப் பாருங்கள். உருளைகளிலும் கிண்ணத்திலும் கிரீஸைப் பிரித்து வைத்து மூடுங்கள்.

கிளாம்ப் கட்டும் முன் உள் ஜாயிண்டை, முதலில் எழுதிவைத்த தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பூட்டின் சிறிய வாய்க்குள் மழுங்கிய மெல்லிய திருப்புளியை நுழைத்துக் காற்றைச் சமப்படுத்துங்கள். பூட் பலூன்போல் உப்பியும் இருக்கக்கூடாது, கன்னம் ஒட்டியதுபோல் உள்வாங்கியும் இருக்கக்கூடாது. உள்வாங்கிய மடிப்புகள் சுழலும்போது ஒன்றோடொன்று உரசித் தேயும். புது பூட் சீக்கிரம் கிழிவதற்கு ‘சாமான் மட்டம்’ என்று பழி போடும் பலர் இந்த ஒரு நிமிட வேலையைத் தாண்டியவர்கள்தான்.

காது கிளாம்பின் காது முழுதாக மூடும்வரை பின்சரால் நெருக்குங்கள். கையால் பூட்டைத் திருகிப் பார்த்தால் கிளாம்பின் அடியில் சுழலக் கூடாது. விறைப்பான பிளாஸ்டிக் வகைக்கு ரப்பரைவிட இறுக்கம் கூடுதலாக வேண்டும்.

திரும்ப மாட்டுதல்

கியர்பாக்ஸில் புது எண்ணெய் சீலைச் சமமாகத் தட்டி ஏற்றி, உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். கிண்ணத்தின் முனையிலுள்ள சர்க்ளிப்பைப் புதிதாக்கி, அதன் திறந்த வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, ஷாஃப்ட்டை நேராகத் தாங்கிக்கொண்டு உள்ளே தள்ளுங்கள். பல் முனை சீலின் உதட்டில் உரசினால் அங்கே எண்ணெய் ஒழுகும். ‘க்ளக்’ என்று உட்கார்ந்ததும், கிண்ணத்தைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். வரக்கூடாது.

ஹப்பில் ஏற்றி, பால் ஜாயிண்டையும் டை ராடையும் மாட்டி, வாஷரை முன்பிருந்த முகமாகவே போட்டு நட்டை இறுக்குங்கள். பழைய சாகா, வீரா வகைக்கு ஹப் நட்டு 200 முதல் 260 நியூட்டன் மீட்டர். மற்றவற்றுக்கு அந்தந்தக் காடியின் பட்டறைப் புத்தகத்தைப் பாருங்கள். முழு இறுக்கம் கொடுக்கும்வரை சக்கரத்தில் காடியின் பாரம் இறங்கக்கூடாது, ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, தூக்கிய நிலையிலேயே இறுக்குங்கள். ஸ்ப்ளிட் பின் ஓட்டை சேரவில்லை என்றால் அந்த வரம்புக்குள் நட்டை இன்னும் இறுக்கிச் சேருங்கள், தளர்த்திச் சேர்க்காதீர்கள். பழைய ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவது வேண்டாம். வீல் நட்டுகளுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர்.

கியர் எண்ணெயை மறந்து காடியை எடுத்தவர்கள் பூட் காசை மிச்சம்பிடித்து கியர்பாக்ஸ் வாங்கியிருக்கிறார்கள். மேனுவல் புரோட்டோனுக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-4 வகை, ஏறத்தாழ 2 லிட்டர். காடி சமமாக நிற்கும்போது நிரப்பும் ஓட்டையின் விளிம்பில் வழியும்வரை ஊற்றுங்கள். ஆட்டோ கியர் காடிக்கு அதற்கென்றுள்ள ஏடிஎஃப் என்ற எண்ணெயை மட்டும் ஊற்றி, டிப்ஸ்டிக்கில் அளவு பாருங்கள்.

திடலில் முழு வளைவாக இரு பக்கமும் மெல்ல எட்டுப் போட்டு ஓட்டுங்கள், கண்ணாடியை இறக்கிவிட்டுக் காது கொடுங்கள். ஒரு வாரம் தோட்டத்துப் பாதையில் ஓட்டியபின் மறுபடி டார்ச்சோடு குனியுங்கள். கிளாம்ப் ஓரத்தில் மெல்லிய எண்ணெய் ஈரம் இருந்தால் துடைத்துவிட்டு இன்னொரு வாரம் பார்க்கலாம். கட்டியாகக் கிரீஸ் தெரிந்தால் அந்தக் கிளாம்ப் தளர்வு. வெட்டியெடுத்துப் புதியது போடுங்கள். ஏற்கெனவே நெருக்கிய காதை மறுபடி நெருக்கினால் உடையும்.